எட்டரை மணிக்கு நின்றுபோகும் இணையம்

அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது கெட்ட பழக்கம் என்று அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கடைசியில் ஆண்டவர் அதையே எனக்குப் பிழைப்பாக வைத்துவிட்டார். மைசூரில் மேக் கம்ப்யூட்டர்கள் பழுதுபார்க்கும் ஒரு கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கூட வேலை பார்த்தவர்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மிஷினுக்குள் போவார்கள். நான் ஃபோல்டர் ஃபோல்டராகப் போவேன். யார் எதை எப்போது போட்டார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள், எறிந்தது உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ருசி.

போன மாதம் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். என் நாற்காலியில் இப்போது சுமா உட்கார்ந்திருக்கிறாள். நான் இருந்தபோதே சேர்ந்தவள், கன்னடத்துப் பெண், கெட்டிக்காரி. ஒரு மிஷினை முழுக்க அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கோளாறு?" என்றேன்.

"தெரியாது மேடம். இப்போ யாரும் தேடறதில்ல. அழிச்சிட்டுப் புதுசா சிஸ்டம் போட்டுடறோம். சும்னே எதுக்குத் தலைய உடைச்சுக்கணும்? நீங்கல்லாம் அப்படி என்னதான் தேடினீங்க?"

கேள்வியில் கிண்டல் பாதி, நிஜமான சந்தேகம் பாதி. எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை. அக்ரஹாரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பழைய மேக் இருந்தது. அது நின்றுபோனால் முதலாளி அணைத்துப் போடச் சொல்வார். அணைத்தால் ஏன் சரியாகிறது என்று கேட்டால், "பத்திரிகைய முடிம்மா, முகூர்த்தம் உன் கேள்விக்காக நிக்காது" என்பார். அதைப் பழுதுபார்க்க வந்தவர்தான் மகேஷ் சார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நச்சரித்த நச்சரிப்பில், "கேள்வி கேக்கறதையே வேலையா வெச்சுக்கறியாம்மா? என் கடைக்கு வா" என்று கூப்பிட்டுவிட்டார். போனேன். தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

மகேஷ் சார் பேசுவது கன்னடம். எங்களுக்காகத் தமிழும் பேசுவார், பாதிக்கு மேல் 'நோடம்மா', அதாவது 'பாரம்மா'தான் இருக்கும். கடைக்கு ஒரு மிஷின் வந்தால் உடனே தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கடைசியா இது எப்போ நல்லா இருந்துச்சு?" என்று கொண்டுவந்தவரைக் கேட்பார். அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் யாரும் கீபோர்டில் விரல் வைக்கக் கூடாது. சிலர் தங்கள் மாமியார் கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதையும் கேட்க வேண்டும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அவருடைய இன்னொரு பிடிவாதம், கோளாறை மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும் என்பது. "சரியாப் போச்சு சார்" என்று போய் நின்றால், "சந்தோஷம். இப்போ கெடுத்துக் காட்டு" என்பார். வேண்டும்போது வரவழைத்து, வேண்டும்போது போக்க முடிந்தால்தான் அதைப் புரிந்துகொண்டோம் என்று அர்த்தம். தானாகச் சரியானது தானாகவே திரும்பி வரும் என்று அவருக்கு ஒரு பயம்.

மேக்கில் ஒரு மென்பொருள் வேண்டாம் என்றால் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள். தொட்டியைக் காலி செய்கிறார்கள். காகிதம் கசங்குவது போல ஒரு சத்தம் வரும். தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தீர்ந்துதான் போகும். மிச்சம் கிடக்கும் அமைப்புக் கோப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் சில மென்பொருள்கள் நிறுவும்போதே லைப்ரரி என்ற ஃபோல்டருக்குள் ஒரு வேலையாளை உட்கார வைத்துவிடும். மிஷின் கண் விழிக்கும்போதெல்லாம் அவனும் விழிப்பான். வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்த பிறகும் தினமும் காலையில் வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் டாக்டர். அவருடைய மேக் தினமும் காலையில் 'பிரிண்டரில் மை குறைந்துவிட்டது' என்று சொல்லும். பிரிண்டரையோ அவர் எப்போதோ கொடுத்துவிட்டார். "கிளினிக்ல பேஷன்ட் முன்னாடி மானத்த வாங்குதும்மா" என்று கொண்டுவந்தார். அந்த வேலையாளைப் பிடித்து வெளியே போட்டேன். டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருக்கே ஒரு பல் கட்ட வேண்டியிருப்பது தெரிந்தது.

தேடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அந்த மிஷினில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்குவோம். புதுக் கணக்கில் கோளாறு வரவில்லை என்றால் குற்றவாளி பழைய கணக்கின் லைப்ரரியில் இருக்கிறான். அதிலும் வந்தால், எல்லோருக்கும் பொதுவான லைப்ரரியில். அங்கே தானாகத் தொடங்குகிறவற்றில் பாதியை எடுத்து வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்து, மிஷினை மறுபடி தொடங்கிப் பார்ப்போம். போகவில்லையா, மறு பாதி. எதையும் எடுத்தவுடன் அழிக்க மாட்டோம். எல்லாம் சரி என்றான பிறகு, கடைசி அழிப்பைச் சொந்தக்காரர் கையாலேயே செய்ய வைப்போம். அது மகேஷ் சார் வைத்த வழக்கம்.

இனி அந்தப் பெண். கீர்த்தனா. அனிமேஷன் படித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்க ஆரம்பித்திருந்தாள். கூட வந்த அப்பா சண்முகம், ராமாபுரத்துக்காரர், இங்கே ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்து இறங்கினார்கள். ஆனால் மேஜைக்கு முன்னால் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

"நெட் கட் ஆகுதா?" என்று கேட்டேன்.

"கட் ஆகல மேடம். கட் பண்றாரு" என்றாள், அப்பா பக்கம் திரும்பாமலே.

"ஏனுங்க மேடம், நான் எதையும் தொடறதே இல்லீங்க" என்றார் அவர். "அந்தச் சாப்ட்வேர எப்பவோ எடுத்துப் போட்டுட்டேனுங்க. சொன்னா நம்பவே மாட்டேங்கறா."

கதை இதுதான். அவள் பள்ளியில் படிக்கும்போது அப்பா மேக் வாங்கிக் கொடுத்தார். கூடவே பிள்ளைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றையும் போட்டார். இரவு எட்டரைக்கு மேல் இணையம் கிடைக்காது. அவள் பி.யூ., அதாவது பிளஸ் டூ, முடித்ததும் அதை எடுத்துவிட்டதாக அவர் சொல்கிறார். அப்புறம் அவள் மங்களூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்து வேலையில் சேர்ந்தாள். வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் எட்டு மணிக்குப் பேச்சு, தன் படங்களைத் திரையில் காட்ட வேண்டும். சரியாக எட்டரைக்கு இணையம் அறுந்துவிடும். அதே நேரத்தில் வீட்டிலுள்ள ஃபோன்களில் இணையம் நன்றாக ஓடும். அவளுடைய ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் மேக்கிலும் ஓடும், ஆனால் அந்த வேகத்தில் படங்கள் நகராது. ரவுட்டரை மாற்றினார்கள், இணையம் தரும் ஆளையும் மாற்றினார்கள். எட்டரை எட்டரையாகவே இருந்தது.

"ரவுட்டர் இவர் ரூம்லதான் இருக்கு. என் மிஷின மட்டும் நிறுத்தறாரு, அல்வா?" என்றாள். இங்கேயே வளர்ந்தவள், 'இல்லையா' என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். "ட்ரையல்ல இருக்கேன் மேடம். இன்னொரு வாட்டி மீட்டிங்ல காணாமப் போனா வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நான் பெங்களூர்ல ஒரு பி.ஜி. ரூம் எடுத்துத் தங்கிக்கப் போறேன். அங்க போனா கட் ஆகாது, நீங்களே பாருங்க. இல்லேன்னா மொத்தமா அழிச்சுக் குடுங்க."

அழிப்பது அரை நாள் வேலை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் சண்முகம் கையை நீட்டி மேக்கின் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. அழிச்சா சரியாப் போயிருமுங்க. ஆனா நான் பண்ணலைங்கறது இவளுக்கு எப்படித் தெரியும்? மாட்டிக்குவோம்னு பயந்து நிறுத்திட்டான் அப்பன்னு நெனைப்பா. என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அப்புறம் அழிச்சுக்கலாம்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. பெங்களூருக்குப் போனாலும் கோளாறு போய்விடும், அழித்தாலும் போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அந்த மனிதர் சாகும்வரை மகளுக்குப் பொய்யர். அந்த மேக்கைவிட அந்த அப்பாவைத்தான் அன்று பழுதுபார்க்க எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

புதுக் கணக்குத் தொடங்க நிர்வாகியின் பாஸ்வேர்ட் வேண்டும். சண்முகம் எழுந்து வந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் அடித்தார். பழக்க தோஷம். கீர்த்தனா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை மிஷினைக் கடையிலேயே வைத்துப் பார்த்தேன். எட்டரை வந்தது, போனது, ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். புதுக் கணக்கிலும் எட்டரைக்கு அறுந்ததாகச் சேதி வந்தது. அப்படியானால் குற்றவாளி பொது லைப்ரரியில். ஆனால் ஏன் வீட்டில் மட்டும்?

மறுபடி இருவரையும் வரவழைத்து, தானாகத் தொடங்குகிறவற்றைத் திறந்தேன். சண்முகம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு பெயரைப் பார்த்ததும், "இதேதானுங்க!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"பாத்தீங்களா மேடம்? இருக்கு" என்றாள் கீர்த்தனா. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகேஷ் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நோடி சார், இத போடறப்போ உங்கள என்னென்ன கேட்டுச்சு? மெதுவா யோசிங்க" என்றார்.

சண்முகம் நெற்றியைத் தேய்த்தார். "எத்தனை மணின்னு கேட்டுச்சுங்க. எந்தெந்த நாள்னு கேட்டுச்சுங்க, ஞாயித்துக்கிழமைய விட்டுட்டேன். அப்புறம்... வைஃபை பேரக் கேட்டுச்சுங்க. பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப குறுக்க வரக்கூடாதில்லீங்களா? அதனால வீட்டுக்கு மட்டும்னு குடுத்தேன்."

"ரவுட்டர் மாத்தினீங்களே, பேரும் மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. எல்லார் ஃபோன்லயும் மறுபடி போடணுமேன்னு அதே பேரையே வெச்சுட்டோம். கீர்த்து ஹோம்."

மகேஷ் சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எனக்குக் கை பரபரத்தது. கடை ரவுட்டரின் பெயரைக் 'கீர்த்து ஹோம்' என்று மாற்றினேன், வீட்டில் வைத்திருக்கும் அதே எழுத்துகளில். மேக்கை அதில் இணைத்தேன். இணைய வானொலி ஒன்றைப் பாட விட்டேன். மகேஷ் சார் சண்முகத்தின் ஃபோனை வாங்கி, அணைத்து, மேஜை நடுவில் வைத்தார். பட்டப்பகல். மேக்கின் கடிகாரத்தை எட்டரைக்குச் சற்று முன்னால் திருப்பி வைத்தேன். வானொலியில் ஒரு அம்மாள் கத்திரிக்காய் கொத்சு செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். புளியைக் கரைத்தார், அடுப்பில் வைத்தார், கடிகாரம் எட்டரையைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் பாதி வார்த்தையில் நின்றுபோனார்.

மறுபடி கடிகாரத்தைப் பின்னால் வைத்தேன், பாடியது. முன்னால் வைத்தேன், நின்றது. ரவுட்டர் பெயரைப் பழையபடி மாற்றினேன், எட்டரை தாண்டியும் பாடியது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அதுதான் பெரியது.

கீர்த்தனா அணைந்து கிடந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி மேடம், தானா நடக்குது. ஆனா எடுத்துட்டேன்னு சொன்னாரே? எடுக்கல, எங்கேயோ ஒளிச்சுத்தானே வெச்சிருக்காரு?" என்றாள்.

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். பழைய மென்பொருள்களின் மூலப்பிரதிகளை மகேஷ் சார் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருப்பார். அதில் அந்தக் கண்காணிப்பு மென்பொருளைத் தேடி எடுத்து, கடையின் பழைய மேக் ஒன்றில் அவள் கண்ணெதிரே நிறுவினேன். எட்டரை என்று வைத்தேன். கடை வைஃபையின் பெயரைக் கொடுத்தேன்.

"இப்போ இத நீயே எடுத்துடும்மா" என்று நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன்.

"எப்படி எடுக்கணும்?"

"உனக்குத் தெரிஞ்ச மாதிரி."

அவள் யோசிக்கவே இல்லை. படத்தைப் பிடித்து இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். தொட்டியைக் காலி செய்தாள். காகிதம் கசங்கும் சத்தம் வந்தது. மென்பொருள்களின் ஃபோல்டரைத் திறந்து பார்த்து, இல்லை என்று உறுதியும் செய்துகொண்டாள். வானொலியைப் பாட விட்டேன். கடிகாரத்தை அவளையே நகர்த்தச் சொன்னேன். எட்டரை ஆனதும் பாட்டு நின்றது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாள். "இவரும் இப்படித்தான் பண்ணினாரா?"

"அவரையே கேளேன்."

கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "நீ பி.யூ. பரீட்சை எழுதி முடிச்ச அன்னிக்குக் கண்ணு. உன்கிட்டச் சொல்லிட்டு எடுக்கலாம்னு பாத்தேன். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. தொட்டியக் காலி பண்ணினேன், இதே சத்தம் வந்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனைச்சேன் சாமி."

கீர்த்தனா நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் தன் பையை எடுத்து வைத்தாள், அப்புறம் அதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் அந்த வேலையாளையும் அவனுடைய துணைக் கோப்புகளையும் எடுத்து வெளியே வைத்தேன். அன்று பாஸ்வேர்ட் அடித்தது யார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மேக்கின் நிர்வாகி இன்னும் சண்முகம்தான். சம்பாதிக்கிற பெண், அவளுடைய கணக்கு இன்றும் குழந்தைக்குத் திறந்த சாதாரணக் கணக்கு. பொது லைப்ரரியில் இருக்கும் எதையும் அவளால் எடுத்திருக்கவே முடியாது. அதைச் சொன்னேன்.

சண்முகத்துக்கு முகம் சுண்டிப்போனது. "பாஸ்வேர்ட் போடறதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க மேடம். என் பேரையே எடுத்துருங்க அதுல இருந்து."

"இருக்கட்டும் மேடம்" என்றாள் கீர்த்தனா, என்னிடம்தான். "அவர் கணக்கு இருக்கட்டும். அட்மின் மட்டும் வேண்டாம்."

அவள் கணக்கை நிர்வாகியாக்கினேன், அவருடையதைச் சாதாரணமாக்கினேன். பணி முடிந்தது என்று எழுதப்போனால் மகேஷ் சார் விடவில்லை. "எங்க வந்துச்சோ அங்க போய் பாரு. எட்டரை தாண்டட்டும்" என்றார்.

போனேன். கீர்த்தனா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். கூடத்தில் சண்முகமும் நானும். டி.வி.யைப் போடவில்லை. அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார். எட்டரை ஆனபோது எழுந்து நின்றுவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் ஆங்கிலத்தில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. எட்டு முப்பத்தைந்து. யாரோ ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள்.

"பேசறா மேடம்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "இன்னும் பேசீட்டுத்தான் இருக்கா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. கீர்த்தனா மேக்கைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தாள். வெளியே எடுத்து வைத்திருந்த கோப்புகளைக் குப்பைத்தொட்டியில் போட்டுக் காலி செய்தாள், எங்கள் கடை வழக்கப்படி. பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க கணக்குக்குப் பாஸ்வேர்ட் மாத்தணும். என்ன வெக்கட்டும்?"

அவர் மகள் முகத்தையே பார்த்தார்.

"நீயே ஏதாச்சும் வெச்சுக்க கண்ணு. எங்கிட்டச் சொல்லாட்டியும் பரவால்ல."